பெயர் அடிக்கும் ஊர்

வொக்ரினியில் ஓட்டுப் போடுவது என்றால் பேனாவை எடுத்துக்கொண்டு போவது. ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஊர் மன்றத் தேர்தல் வரும். பதினோரு பெயர் அச்சடித்த சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார்கள். மடித்து உறையில் போட அரை நிமிடம் போதும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து நிமிடம் உள்ளேயே நிற்பார்கள். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குப் பேனா கீறுகிற சத்தம் கேட்கும். யாரோ ஒருவருடைய பெயர் அடிபடுகிறது என்று அர்த்தம். சின்ன ஊர்களுக்குச் சட்டம் அப்படி இடம் கொடுத்திருந்தது: பிடிக்காத பெயரைக் கோடு போட்டு அடிக்கலாம், மிச்சப் பெயர்களுக்கு ஓட்டு விழும், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக எண்ணுவார்கள். நாயைக் கட்டாமல் விட்டவன், வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவன், மகள் கல்யாணத்துக்கு அழைக்காதவன் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் தீர்ப்பு. பிரான்சின் வடக்கு மூலையில் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயலுக்கும் மழைக்கும் நடுவில் கிடக்கிற ஊருக்கு வேறு என்ன பெரிய சந்தோஷம் இருக்கிறது?

இந்த ஊரிலேயே அதிகமாக அடிபட்ட பெயர் அன்செல்ம் கோத்ரோன். பன்னிரண்டு வருடமாகத் துணை மேயர். அறுபத்திரண்டு வயது. தண்ணீர்க் குழாய் எங்கே வெடித்தாலும், பனி உறைந்த சாலையில் உப்புக் கொட்ட வேண்டுமென்றாலும் முதலில் நிற்கிற ஆள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டப் புத்தகத்தை விழுங்கிவிட்டுப் பிறந்த மனுஷன். மாடியில் ஜன்னல் வைக்க அனுமதி வாங்கினாயா, விறகை ஏன் நடைபாதையில் அடுக்கினாய், சேவலை ஆறு மணிக்கு முன்னால் கூவ விடாதே என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. போன தேர்தலில் மேயர் ஒதீலுக்கு நூற்று ஐம்பத்தெட்டு ஓட்டு. அதே சீட்டில் அடுத்த வரியில் இருந்த அன்செல்முக்கு எண்பத்தேழு. பதினோரு பேரில் கடைசி. அன்றைக்கு இரவு அவர் அந்த எண்ணிக்கையை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார் என்று அவர் மனைவி ரெஜீன் பிற்பாடு சொன்னாள்.

இந்த முறை இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, சட்டம். இனிமேல் சின்ன ஊர்களிலும் பட்டியலுக்குத்தான் ஓட்டு. பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். சீட்டில் ஒரு பெயரை அடித்தாலும் அந்தச் சீட்டே செல்லாது. இரண்டாவது, தாயக அணி. அந்தக் கட்சி நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. நாடு என்ன, எந்த நாட்டுச் செய்தியைப் போட்டாலும் அதன் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை மாதிரி ஒரு கட்சி அங்கே ஜெயித்துக்கொண்டிருந்தது. ஐரோப்பியத் தேர்தலில் வொக்ரினியிலேயே நூற்று நான்கு ஓட்டு வாங்கினார்கள்; மற்ற எல்லாக் கட்சியும் சேர்ந்து அறுபது. ஆனாலும் ஊர் மன்றத்துக்குள் அவர்களால் கால் வைக்க முடிந்ததில்லை. ஊர் மன்றத் தேர்தல் என்று வந்தால் ஜனங்கள் கட்சியைப் பார்க்க மாட்டார்கள், ஆளைத்தான் பார்ப்பார்கள், ஆளைத்தான் அடிப்பார்கள். இப்போது பட்டியல் வந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது.

கட்சிக்காக நின்றவன் திபோ மார்கான். முப்பத்துநான்கு வயது. முன்பு ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மகன். பதினெட்டு வயதில் நகரத்துக்குப் போனவன், கூரை வேலை கற்றுக்கொண்டு போன வருடம்தான் பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வந்தான். கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். அவன் கொடுத்த வழவழப்பான துண்டுத்தாளில், ஊருக்குள் அகதி முகாம் வர விடமாட்டோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அப்படி ஒரு முகாம் கட்ட யாரும் கனவு கூடக் கண்டதில்லை. வெளிநாட்டவர் என்று சொல்ல ஊரில் இருந்ததே ஒரு பெல்ஜியக்காரத் தம்பதிதான், அவர்களும் தாயக அணிக்குத்தான் போடுவதாகப் பேச்சு. ஆனால் அதே தாளின் பின்பக்கத்தில் தபால் நிலையத்தை மூடியது யார், டாக்டர் போய் மூன்று வருடமாகியும் ஏன் இன்னொருவர் வரவில்லை, பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்தது யார் என்று கேட்டிருந்தது. அந்தக் கேள்விகளில் ஒன்று கூடப் பொய் இல்லை.

பட்டியலைக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒதீல் அன்செல்மை மன்ற அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு மேயரானவர். கணக்குத் தெளிவாகப் போட்டு வைத்திருந்தார். நமக்கு எண்பது, தொண்ணூறு ஓட்டு வரும். அவர்களுக்கும் அதே அளவுதான். அதில் இருபது பேர் பழக்கதோஷத்தில் அன்செல்ம் பெயரை அடித்தால் இருபது சீட்டும் குப்பை. மேயர் நாற்காலியில் திபோ.

"கை தானாப் போகும் அன்செல்ம். யோசிச்சு அடிக்க மாட்டாங்க. உன் பேரைப் பார்த்தாலே கை ஓடும்."

"அப்ப என் பேரை எடுத்துடுங்க மேயரம்மா. வேற ஒரு ஆம்பளையைப் போட்டா முடிஞ்சுது."

ஒதீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஊருக்கு அடியில தண்ணிக் குழாய் எங்கெங்க போகுதுன்னு எந்தக் காகிதத்துலயும் இல்லை, உன் மண்டைக்குள்ளதான் இருக்கு. உன்னை எடுத்துட்டு ஜெயிச்சு நான் என்ன பண்ண? நீ ரெண்டாவது பேர். அவ்வளவுதான்."

அன்செல்முக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை வருடம் பெயரை அடித்தால் அது அவருக்கு மட்டும்தான் அவமானம். இப்போது அவர் பெயர் ஊரையே கவிழ்க்கும். வீட்டுக்குப் போய் ரெஜீனிடம் சொன்னார். அவள் சூப்புக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஊருக்கே கை அரிக்குது, அதுக்கு என்ன பண்ண முடியும்? எனக்கே அரிக்கும். முப்பத்தஞ்சு வருஷமா அடிக்க வழியில்லாம வச்சிருக்கேன். ஒரு தடவை அடிச்சுட்டா ஆறிடும்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அன்செல்ம் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போய் சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கிற நகல் இயந்திரத்தில் ஒதீலின் பட்டியலை நூற்றிருபது நகல் எடுத்தார். மன்ற அலுவலகத்தில் இயந்திரம் சும்மாதான் கிடந்தது. ஆனால் தேர்தல் வேலைக்கு மன்றத்து மையைத் தொடக்கூடாது என்பது விதி. மேலே பெரிதாக 'இது மாதிரி, வாக்குச் சீட்டு அல்ல' என்று கையாலேயே எழுதினார், நூற்றிருபது தாளிலும். ஒரு சிவப்புப் பேனா வாங்கினார். அப்புறம் வீடு வீடாகப் புறப்பட்டார்.

முதல் வீடு டிராக்டர் பழுது பார்க்கிறவருடையது. கதவைத் திறந்தவரிடம் தாளையும் பேனாவையும் நீட்டினார். "என் பேரை அடிங்க. இப்ப, என் கண் முன்னால. ஏன் அடிக்கிறீங்கன்னும் சொல்லிடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை பேனாவை வீட்ல வச்சுட்டு வாங்க. அங்க கோடு போட்டா சீட்டு செல்லாது."

மனுஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. திரைக்குப் பின்னால் அடிப்பது வேறு, அடிபடுகிறவன் வாசலில் நின்று பேனாவை நீட்டினால் அது வேறு. காபி போடட்டுமா என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி ஆறின பிறகுதான் பேனாவை எடுத்தார், எடுத்தவர் இரண்டு தடவை அடித்தார். பட்டறைக்கு முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்று எட்டு வருடத்துக்கு முன்னால் பலகை நட்டதை ஆரம்பித்து அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார். அன்செல்முக்குப் பதில் தொண்டை வரை வந்தது. விதி எண் கூட ஞாபகம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அந்த ஆள் வாசல் வரை வந்து, மழை வரும் போலிருக்கிறது, குடை வேண்டுமா என்று கேட்டார்.

பதினைந்து நாள். நூற்றுப் பன்னிரண்டு வீடு. சிலர் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். சிலர் அடிக்கவே மாட்டேன் என்று கூச்சப்பட்டு, பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்கள். ஒருவர் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை: அகம்பாவம் பிடித்தவன், ஈரமில்லாதவன், இந்தச் சாலையைத் தன் அப்பன் போட்டது மாதிரி நடக்கிறவன். வீட்டுக்கு வந்து ரெஜீனிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார். அவள் பாதிக்குமேல் சரிதான் என்பாள்.

ஆனால் ஒரு விஷயம் அவரை உலுக்கியது. முக்கால்வாசிப் பேர் அவர் பெயரை அடித்துவிட்டுச் சொன்ன காரணத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பெண்மணி அடித்துவிட்டு, கண் டாக்டரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்கிறேன் என்றார். சர்க்கரை ஆலையில் வேலை போனவர் ஆலையைப் பற்றியே பேசினார். ரயில் நிற்பதில்லை என்றார் ஒருவர். பாரிசில் இருக்கிறவர்கள் நம்மை முட்டாள் என்று நினைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். பாரிஸ்காரனின் பெயர் கைக்கு எட்டவில்லை. அன்செல்ம் பெயர் எட்டியது, அடித்தார்கள். தாயக அணிக்குப் போடுவதும் அவர்களுக்கு இதே வேலைதான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. யார் மேலாவது ஒரு கோடு இழுக்க வேண்டும். இழுத்ததை யாராவது பார்க்க வேண்டும். இத்தனை வருடம் ஊரில் இருந்துகொண்டு ஒரு தடவை கூட யார் வீட்டிலும் உட்கார்ந்து கேட்டதில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. திபோவின் கட்சிக்காரர்களும் கேட்கவில்லைதான். ஆனால் கேட்டவர்கள் போலத் தொலைக்காட்சியில் பேசத் தெரிந்தவர்கள் அவர்கள்.

வரிசையாகப் போனதில் திபோ வீடும் வந்தது. அன்செல்ம் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை.

திபோ சந்தோஷமாக அடித்தான். சின்ன வயதில் தேவாலயச் சுவரில் பந்தை அடித்ததற்கு அன்செல்ம் காதைத் திருகியது இன்னும் வலிக்கிறது என்றான். அன்செல்ம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உன் ஆளுங்ககிட்டச் சொல்லிட்டியா? அவங்களும் அடிப்பாங்க. உன் பட்டியல்ல நாலாவதா உன் மாமன் பேரு இருக்கு. அந்த ஆளோட வேட்டை நாய் கடிக்காத வீடு இந்தத் தெருவுல இல்லை."

திபோவுக்குப் புரியவில்லை. அவன் நகரத்தில்தான் ஓட்டுப் போட்டுப் பழகியவன். அங்கே பட்டியலைத் தொட்டதே கிடையாது. கட்சி மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த முப்பது பக்கக் குறிப்பில் கேமராவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று கூட இருந்தது, பேனாவைப் பற்றி ஒரு வரி இல்லை. மக்களின் கட்சி என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த மக்கள் சாவடிக்குள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் போயிற்று. அன்செல்ம் உட்கார்ந்து விளக்கினார். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க? சொல்லாம இருந்திருந்தா எங்க சீட்டு பத்துப் பதினஞ்சு காலியாகியிருக்குமே."

"சட்டம் உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா? துணை மேயர்னா சாவடி அதிகாரியும் நான்தான். எல்லா வீட்டுக்கும்தான் சொல்லணும்."

"மாறவே மாட்டீங்க நீங்க," என்றான் திபோ.

இது ஒதீல் காதுக்குப் போக ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை, அன்றைக்குக் கத்தினார். பத்துப் பதினைந்து ஓட்டைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய், தாம்பாளத்தில் வைத்தா கொடுத்தாய் என்று கேட்டார். அன்செல்ம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தப்புச் செய்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோற்றால் தன்னால்தான் தோற்போம் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வீடு. அதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தார். ஒர்தான்ஸ் புலான். எழுபத்தோரு வயது. பள்ளி உணவுக்கூடத்தில் இந்த ஊரின் இரண்டு தலைமுறைக்குச் சாப்பாடு போட்டவர். அவர் பேச்சுக்கு ஆற்றுப் பக்கத்துத் தெருவே கட்டுப்படும். பத்து ஓட்டாவது அவர் கூடவே நடக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் கல்லறைத் திருநாளன்று, ஊரே செவ்வந்திப் பூத்தொட்டியோடு கல்லறைக்கு வரும்போது, ஒர்தான்ஸின் அம்மா கல்லறை மேல் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது: இந்த இடத்தின் குத்தகைத் தவணை முடிந்தது, மன்ற அலுவலகத்தை அணுகவும், தவறினால் இடம் மன்றத்தைச் சேரும். ஒட்டியவர் அன்செல்ம். தவணை முடிந்தது உண்மை. அந்த வாரத்துக்குள் ஒட்ட வேண்டும் என்பதும் விதி. ஒர்தான்ஸ் அன்றைக்கு எல்லார் முன்னாலும் அந்தத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதற்கப்புறம் அன்செல்மைப் பார்த்தால் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுவார்.

கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

"ஊரெல்லாம் அடிச்சாச்சாமே, துணை மேயர் ஐயா. ரொம்ப நல்லது. ஆனா நான் வீட்டு வாசல்ல அடிக்கிற ஆள் இல்லை. நீ எங்கம்மா மேல ஊரே பார்க்கத்தானே ஒட்டினே? நானும் ஊரே பார்க்கப் பிரிச்சு எண்ணுற சீட்டுலதான் அடிப்பேன்."

"சீட்டு செல்லாமப் போயிடும், ஒர்தான்ஸ்."

"போகட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. அன்செல்ம் தாளையும் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு எதிராக எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு விதி எண் பதிலாக இருந்தது. இதற்கும் இருந்தது. ஆனால் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிரச்சாரத்தின் கடைசி நாள். காலை பத்து மணிக்கு ரொட்டி வண்டி சதுக்கத்துக்கு வரும். திபோவின் அப்பா கடையை மூடியதிலிருந்து ஊரே அந்த வண்டிக்குத்தான் வரிசையில் நிற்கிறது. அன்றைக்கும் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். திபோவும் நின்றான். ஒர்தான்ஸ் நடுவில் நின்றார். அன்செல்ம் வரிசையில் சேராமல் நேராக அவருக்கு முன்னால் போய் நின்று தொப்பியைக் கழற்றினார். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்றே பேசினார்.

"உங்க அம்மா கல்லறையில நான்தான் அந்தத் தாளை ஒட்டினேன். திருநாளன்னிக்கு ஒட்டினேன். வாரத்துல வேற ஆறு நாள் இருந்துச்சு. வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம், நாலு வீடு தள்ளித்தான் இருக்கேன். சட்டம் சரி. நான் பண்ணினது தப்பு. எனக்கு வெட்கமா இருக்கு, ஒர்தான்ஸ். மன்னிச்சுடுங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்செல்ம் கோத்ரோன் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. ரொட்டிக்காரர் கையில் வைத்திருந்த ரொட்டியைச் சுற்ற மறந்துவிட்டார். ஒர்தான்ஸ் அன்செல்மை மேலும் கீழும் பார்த்தார்.

"வழியை விடு. ரொட்டி தீர்ந்துடும்," என்றார்.

அவ்வளவுதான். இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது மன்னிப்பா, மறுப்பா என்று வரிசையில் இருந்த முப்பது பேரும் முப்பது விதமாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. எட்டு மணிக்கே சாவடியில் கூட்டம். அன்செல்ம் கையெழுத்துப் பதிவேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டியோடு ஒதீல், ஒவ்வொரு உறை விழும்போதும் 'வாக்களித்தார்' என்று சொல்லிக்கொண்டு. திரைக்குப் பின்னால் போனவர்கள் சீக்கிரமாகவே வெளியே வந்தார்கள். டிராக்டர் பழுது பார்க்கிறவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார், பேனா இல்லையாம். சிரிப்பு எழுந்தது. பதினோரு மணிக்கு ஒர்தான்ஸ் வந்தார். கைப்பையோடு உள்ளே போனார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று. அன்செல்ம் பதிவேட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து உறையைப் போட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார் ஒர்தான்ஸ்.

ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். மேசையைச் சுற்றி ஊரே நின்றது. நூற்று எழுபத்தோரு உறை. ஒருவர் பிரிக்க, ஒருவர் உரக்கப் படிக்க, இரண்டு பேர் கோடு போட்டு எண்ணினார்கள். ஒதீல், ஒதீல், திபோ, திபோ, திபோ, ஒதீல். இருபது வரை சமம். அறுபதில் திபோ நான்கு முன்னால். திபோ சீட்டு ஒன்றில் நாலாவது பெயர் அடிபட்டிருந்தது. செல்லாதது என்று ஓரமாக வைத்தார்கள். நாய்க்காரரின் பெயர்தான். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், எல்லாரும் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நூறைத் தாண்டும்போது அதே பெயர் இன்னொரு தடவை.

நூற்றிருபதாவது உறையைப் பிரித்தவர் கை நின்றது. ஒதீல் பட்டியல். இரண்டாவது வரியில் ஒரு கோடு. நேரான, அவசரமில்லாத கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டது போல. செல்லாதது. அன்செல்முக்கு இருமல் வந்தது. மூன்று நிமிடம் உள்ளே நின்ற கைப்பை அவர் கண் முன்னால் வந்தது. சரிதான், நான் கேட்ட மன்னிப்பு நாலு வருடம் தாமதம், அந்தத் தெருவின் பத்து ஓட்டும் இதே கோட்டோடு வரிசையாக வரப்போகிறது என்று காத்திருந்தார்.

வரவில்லை. அடுத்த சீட்டு சுத்தமாக இருந்தது. அதற்கடுத்ததும். அதற்கடுத்ததும். ஐரோப்பியத் தேர்தலில் தாயக அணிக்கு நூற்று நான்கு போட்ட ஊர், படிக்கிறவர் மூச்சு விடாமல் ஒதீல் ஒதீல் என்று சொல்லிக்கொண்டே போக வைத்தது. நூற்று ஐம்பதில் ஒதீல் ஒன்று முன்னால். நூற்று அறுபதில் மூன்று. கடைசி உறையைப் பிரிப்பதற்கு முன்பே பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, அடக்கப்பட்டு, மறுபடி ஆரம்பித்தார்.

ஒதீல் எழுந்து நின்று படித்தார். செல்லாதவை மூன்று. வெற்றுச் சீட்டு ஒன்று. திபோ மார்கான் பட்டியல் எண்பத்தொன்று. ஒதீல் என்கான் பட்டியல் எண்பத்தாறு. கடைசி எண் யார் காதிலும் விழவில்லை, அதற்குள் கூரை அதிர்ந்துவிட்டது. டிராக்டர்காரர் அன்செல்மைத் தூக்கியே விட்டார். ரெஜீன் அழுதுகொண்டே சிரித்தாள். தேவாலய மணியை யாரோ அனுமதி இல்லாமல் அடித்தார்கள், அன்செல்ம் அது யார் என்று விசாரிக்கக் கூட இல்லை. ஒதீல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். திட்டியது எல்லாம் வாபஸ் என்றார்.

திபோவும் வந்து கை கொடுத்தான். முகம் வாடித்தான் இருந்தது. "நாடு பூரா எங்க ஆளுங்க ஜெயிக்கிறாங்க. நான் பொறந்த ஊர்ல தோத்துட்டேன்," என்றான். மன்றத்தில் அவன் பட்டியலுக்கும் இரண்டு நாற்காலி உண்டு. முதல் கூட்டத்திலேயே டாக்டர் விஷயத்தைக் கிளப்பப் போவதாகச் சொன்னான். கிளப்பு, நானும் கூடச் சேர்ந்து கத்துகிறேன் என்றார் அன்செல்ம். சும்மா சொல்லவில்லை.

முடிவு அறிவித்ததும் செல்லுபடியான சீட்டுகளை எரித்துவிட வேண்டும். அது துணை மேயர் வேலை. முற்றத்தில் பழைய இரும்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. வெளிச்சம் இன்னும் இருந்தது. உள்ளே ஒயின் பாட்டில்கள் திறக்கிற சத்தம் கேட்டது. அன்செல்ம் முதலில் திபோவின் எண்பத்தொன்றைப் போட்டார். பிறகு ஒதீலின் கட்டை எடுத்தவர், போடாமல் நின்றார். ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது வரி, அன்செல்ம் கோத்ரோன். மேலே கோடில்லை. அடுத்தது, கோடில்லை. போன தடவை மேயருக்குக் கிடைத்ததில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம் வாங்கிய மனுஷன். இன்றைக்கு மேயருக்கு எத்தனையோ அவருக்கும் அத்தனை. எண்பத்தாறு பேர் கையை அடக்கிக்கொண்டு அவர் பெயரை முழுசாக விட்டிருந்தார்கள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒர்தான்ஸ். கையில் இரண்டு ஒயின் கோப்பை. ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"அதுல என்னோடது எதுன்னு தேடாதே அன்செல்ம்," என்றார். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."